சிக்கைத் காவல்காரரின் ஏழு கோப்பை

எங்கள் பாலைவனத்தில் இருக்கும் சிக்கைத் பள்ளத்தாக்கின் மரகதச் சுரங்கங்களையும் பாறையில் குடைந்த பழைய கோயிலையும் காவல் காக்கிறவர் ஹசபல்லா. என் அம்மாவின் சித்தப்பா மகன், எனக்கு மாமா. பத்தொன்பது வருடமாக அங்கே தனியாக இருக்கிறார். நான் பயணிகளைக் கூட்டிப் போகாத வாரங்களில் அவர் பேசுவதற்கு ஆளில்லை.

"கொரலு இருக்கான்னு பாக்க சுரங்கத்துக்குள்ள தலைய விட்டுக் கத்துவேன். அதுவும் நான் சொன்னதையேதான் சொல்லுது, புதுசா ஒண்ணும் இல்ல" என்பார்.

போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கொடுத்தனுப்பினார். இந்தக் கோடையோடு வேலையை விட்டுவிட்டு, கடலோர ஊரான மர்சா ஆலத்தில் இருக்கும் மகள் நஃபீசாவோடு வந்து தங்கலாமா? தானே கேட்க அவருக்குக் கூச்சம்.

நேற்று ஆறு இத்தாலியர்களோடு அவளுடைய பதிலையும் கொண்டுபோனேன்.

"வாய்யா பட்டதாரி! பாலைவனத்துல பொறந்தவனுக்குக் கறுப்புக் கண்ணாடி கேக்குதா?"

"வெயிலு மாமா."

"உங்கப்பன் கண்ணு என்ன வெந்தா போச்சு? உக்காரு."

எங்கள் அபாப்தா மக்கள் வந்தவனிடம் உடனே சேதி கேட்பதில்லை. முதலில் இஞ்சி இடித்துப் போட்ட காப்பி. மூன்று கோப்பை, இல்லையென்றால் ஐந்து, ஏழு. இரட்டைப்படையில் நிறுத்தக் கூடாது. கோப்பையைக் கவிழ்த்த பிறகுதான் சேதி.

எப்போதும் மூன்றோடு விட்டுவிடுவார். நேற்று நான் கவிழ்க்கப் போனபோது நான்காவதை ஊற்றிவிட்டார். என் முகத்தைப் பார்த்தே பதிலை ஊகித்திருக்க வேண்டும்.

பயணிகளில் ஒரு பெண் பச்சைக் கல் ஒன்றை எடுத்துவந்து, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"இருந்த எடத்துலயே போடச் சொல்லு. நல்லதெல்லாம் ரோமாக்காரன் அள்ளிட்டான். மிச்சத்துக்குத்தான் நான் காவல்."

ஐந்து முடிந்ததும் ஆறு. பிறகு ஏழாவதை மெதுவாக ஊற்றினார்.

"ஏழுக்கு மேல இல்ல மாமா."

"தெரியும். குடி."

பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். இரண்டாயிரம் வருடத்துக் கதையை அந்நியர்களுக்குத் தடுமாறாமல் சொல்லத்தான் படித்திருக்கிறேன். சொந்த மாமாவிடம் ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. கோப்பையைக் கவிழ்த்தேன்.

"அவ மாமியாரு வந்து இருக்காங்களாம். ரெண்டே ரூமு. இப்போ வேண்டாம்னா."

"அழுதாளா?"

"இல்ல."

தணலை மணல் போட்டு மூடினார்.

"எனக்கு இங்கருந்து வர மனசே இல்லன்னு சொல்லு. நீதான் ஏதோ தப்பா வெளங்கிக்கிட்டு வந்து கேட்டுட்டேன்னு சொல்லு. இல்லன்னா அவ மனசு கெடந்து அடிச்சுக்கும்."

இன்று காலை நஃபீசாவிடம் அப்படியே சொன்னேன்.

"அப்பா நெஜமாவா சொன்னாரு?"

"ஆமா. நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்."

அவள் முகம் லேசானது. "இவ்ளோ படிச்சும் உனக்குப் புத்தி வரலியே" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த பயணம் பன்னிரண்டு நாள் கழித்து. அதுவரை சிக்கைத்துக்கு யாரும் போகப்போவதில்லை.