பெரிய பனிக்கு வைத்திருந்த கண்ணாடி

றஜீனா அன்ரியின் வீட்டில் நல்ல சாமான்களுக்கு வேலை கிடையாது. முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் பூப்போட்ட பீங்கான்கள் மூத்த மகன் சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை எடுத்த நாளுக்கு வாங்கியவை. அந்த மகனுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது, பீங்கான்கள் இன்னும் சோற்றைக் கண்டதில்லை. ரீவி றிமோட் பொலித்தீன் உறைக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. நல்ல தடித்த போர்வையோ, என்றாவது வரப்போகும் விருந்தாளிக்காகக் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் தூங்குகிறது. அந்த வீட்டில் ஓய்வில்லாமல் பாவிக்கப்படும் ஒரே சாமான் அன்ரிதான்.

லண்டன் மனோர் பார்க்கில் அவர்கள் வீட்டு மேலறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அன்ரி மன்னார்க்காரி. நடக்க மாட்டாத முதியவர்களின் வீடுகளுக்குப் போய், எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் வேலை. விடியுமுன் முதல் வீடு மிஸ்டர் ஹாரிஸ். ஒரு காலத்தில் லண்டன் முழுக்க பஸ் ஓட்டியவர், இப்போது கட்டிலிலிருந்து தானாக இறங்க முடியாது. அன்ரி பிந்தினால் அவர் நனைந்தபடியே கிடப்பார்.

"ஆறு வருஷமா நான்தான் எழுப்பிறன். பிந்திப் போனா அந்த மனுசன் ஏசாது பிள்ளை. 'சொறி டார்லிங்' எண்டு என்னட்டையே மன்னிப்புக் கேக்கும். அதைத்தான் தாங்க ஏலாது."

குளிர்காலம் வந்தால் அன்ரி பிந்துவார். கார் ரோட்டில்தான் நிற்கும். காலையில் முன்கண்ணாடி முழுக்கப் பனி இறுகிக் கிடக்கும். பிளாஸ்ரிக் சுரண்டியால் சுரண்டவேண்டும், அன்ரியின் வலது தோளோ காதுக்கு மேலே போகாது. அன்ரியின் கணவர் பீற்றர் அங்கிளுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அவர் வீடு வருமுன் அன்ரி போய்விட வேண்டும். இப்படியே அந்தக் குளிர்காலத்தில் பலமுறை பிந்த, ஒபிசில் அட்டவணை போடும் டோனா கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: இன்னொரு தரம் பிந்தினால் மிஸ்டர் ஹாரிஸை வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டி வரும்.

அங்கிள்தான் வழி கண்டுபிடித்தார். ஈஸ்ட் ஹாமில் ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் லதீசனிடம் காரைக் கொண்டுபோனார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"அன்ரி, இஞ்ச பாருங்கோ," லதீசன் டாஷ்போர்டைத் தட்டிக் காட்டினான். "இந்தக் கார் வரேக்கையே சூடாகிற கண்ணாடிக்கு இடம் விட்டுத்தான் வந்திருக்கு. வசதியான ஆக்கள் வாங்கின கார்ல இதில பொத்தான் இருக்கும். எங்கட ஆக்கள் வாங்கின கார்ல வெறும் மூடி."

"அந்த மூடியை நான் எத்தினை விடியக்காலமை அமத்திப் பாத்திருப்பன் தம்பி."

"இப்ப என்ன செய்யிறதெண்டா, உள்ளுக்கு மயிர் மாதிரி கம்பி ஓடுற கண்ணாடி ஒண்டு எடுத்துப் போடுவம். பற்றரியில இருந்து தடிச்ச வயர் இழுத்து, பியூஸ் வைச்சு, உடைச்ச கார் ஒண்டில இருந்து கழட்டின பொத்தானை இதில கொழுவினாச் சரி. அமத்தினீங்களெண்டா நாலைஞ்சு நிமிஷத்தில பனி கண்ணீரா ஓடும்."

"கம்பி தேஞ்சு போகாதே?"

"என்னண்டு அன்ரி தேயும்?"

"பல்ப் எரிஞ்சு போறேல்லையே?"

அங்கிள் குறுக்கே விழுந்தார். "தம்பி, அவ கல்யாணச் சேலையையே தேயுமெண்டு கல்யாணத்தண்டு அரை நாள்தான் உடுத்தவ. நீர் வேலையைப் பாரும்."

லதீசன் பழைய கண்ணாடியை அறுத்து எடுத்தான். அதில் ஒட்டியிருந்த மடு மாதா படத்தைத் தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி, மூலை கிழியாமல் உரித்துக் கொடுக்கும்வரை அன்ரி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. புதுக் கண்ணாடிக்குப் பசை பூசி ஒட்டி, மாதாவையும் அதன் மூலையில் ஏற்றிய பிறகு, சாவியைக் கொடுக்கும்போது லதீசன் ஒரு புத்தி சொன்னான்:

"எஞ்சின் ஓடினாத்தான் இது சூடாகும். ஓடவிட்டிட்டு உள்ளுக்குப் போய் தேத்தண்ணி குடிக்கிற கதை வேண்டாம். ஆராவது காரைக் கொண்டு போயிடுவாங்கள். பொத்தானை அமத்திப்போட்டு காருக்குள்ளயே சும்மா இருங்கோ."

"சும்மாவோ?" என்று கேட்டார் அன்ரி. அது என்ன சாமான், எந்தக் கடையில் விற்கிறது என்பதுபோல இருந்தது கேட்ட விதம்.

அடுத்த வாரமே பனி விழுந்தது. விடியக்காலையில் கறக் கறக் என்று சத்தம் கேட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அன்ரி இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, புத்தம் புதுச் சூட்டுக் கண்ணாடியைப் பிளாஸ்ரிக் சுரண்டியால் சுரண்டிக்கொண்டு நின்றார்.

ஜன்னலைத் திறந்து, ஆக்களின் குரலை எடுத்து நடிக்கும் என் பழக்கப்படி லதீசனின் குரலில், "அன்ரி, பொத்தானை அமத்துங்கோ, பனி கண்ணீரா ஓடும்!" என்று கத்தினேன்.

"வாயை மூடு. சனம் படுக்குது."

"பொத்தான் வேலை செய்யேல்லையோ?"

"அது வேலை செய்யும். இது சின்னப் பனி. இதுக்கெல்லாம் போட்டு அதைக் கரைக்கிறதே? பெரிய பனிக்கு வைச்சிருக்கிறன்."

அங்கிளிடம் சொன்னேன். வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவர் கதிரையில் இருந்துவிட்டார். "பீங்கானைப் பூட்டி வைச்சா, சரி எண்டு விட்டன். போர்வையைப் பூட்டி வைச்சா, குளிருக்குள்ள கிடந்தன். கார்க் கண்ணாடியை என்னெண்டு பிள்ளை பூட்டி வைக்கிறது?"

அன்ரி பூட்டித்தான் வைத்தார். அந்த மாதம் விழுந்ததெல்லாம் அவர் கணக்கில் சின்னப் பனி. தோள் இன்னும் மோசமானது. மாலையில் வந்து கோட்டைக் கழற்ற ஒரு கை போதாமல், "இதை ஒருக்கா இழுத்துவிடு பிள்ளை" என்று என்னிடம் திரும்பி நிற்பார். ஆனால் இன்னும் முந்தி எழும்பிச் சுரண்டியதால் ஒருநாளும் பிந்தவில்லை. மிஸ்டர் ஹாரிஸ் நேரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு விடியக்காலை பெரிய பனியே வந்தது. கார்களெல்லாம் வெள்ளைத் துணி போர்த்த மாதிரி நின்றன. அன்ரி சுரண்டியை எடுத்துக் கையைத் தூக்கப் பார்த்தார். கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை. மற்றக் கையால் இரண்டு இழுப்பு இழுத்தார். ஒரு கோடுகூட விழவில்லை. கொஞ்ச நேரம் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே ஏறி, எஞ்சினைப் போட்டு, மாதாவை ஒருமுறை பார்த்துவிட்டு, பொத்தானை அமத்தினார்.

லதீசன் சொன்னது பொய்யில்லை. கண்ணாடியில் முதலில் கீற்றுக் கீற்றாக ஈரம் தெரிந்தது. பிறகு பனி தகடு தகடாகக் கழன்று வழுகியது. நாலைந்து நிமிஷத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆனால் கார் நகரவில்லை.

அங்கிள் வேலை முடிந்து வரும்போது தெரு முழுக்க வெள்ளை, ஒரு கண்ணாடி மட்டும் தெளிவு. அதற்குப் பின்னால் அன்ரி, இரண்டு கையும் மடியில், வாய் திறந்தபடி, நல்ல உறக்கம். மடியில் கிடந்த போன் அடித்து அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது. அதற்கும் எழும்பவில்லை. அங்கிள் மெதுவாகக் கதவைத் திறந்து போனை எடுத்தார். டோனா. அந்த உரையாடலை இப்போது பிறந்தநாள், ஞானஸ்நானம் எல்லாவற்றிலும் நான்தான் நடித்துக் காட்டவேண்டியிருக்கிறது.

"றஜீனா? வேர் ஆர் யூ?"

"நோ றஜீனா. ஐ ஹஸ்பண்ட்."

"இஸ் இட் த கார் அகெய்ன்?"

"நோ நோ. கார் குட். கிளாஸ் வெரி குட். வைஃப் ஃபினிஷ்ட்."

"ஃபினிஷ்ட்? ஓ மை கோட்! டூ யூ நீட் அன் அம்புலன்ஸ்?"

"நோ அம்புலன்ஸ். ஒன்லி ஸ்லீப்."

 டோனா, "லெட் ஹெர் ஸ்லீப்" என்று சொல்லிவிட்டு, அதே வேலை செய்யும், பக்கத்துத் தெருவில் இருக்கும் டெனுசனை மிஸ்டர் ஹாரிஸிடம் அனுப்பினாள். அவளும் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. அன்றிலிருந்து மிஸ்டர் ஹாரிஸின் காலை முறை டெனுசனுக்குப் போய்விட்டது. அன்ரிக்கு அவருடைய இரவு முறை மட்டும். ஆறு வருஷம் எழுப்பியவரை இனி அவர் படுக்கவைக்க வேண்டும்.

அன்ரி இரண்டு நாள் அங்கிளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏனப்பா என்னை எழுப்பேல்லை?"

"எழுப்பத்தான் கதவைத் திறந்தனான்."

"பிறகு?"

அங்கிள் சோற்றைக் குழைத்தார். "நீர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர் றஜி. வீட்டில நீர் குறட்டை விடுறேல்லை. குறட்டை வாறதுக்கு முன்னமே எழும்பிவிடுவீர்."

"அந்த மனுசன் எவ்வளவு நேரம் ஈரத்தில கிடந்துதோ."

"ஓம்," என்றார் அங்கிள். "அதுவும்தான்."

 இதை மட்டும் நான் எவர் குரலிலும் நடித்துக் காட்டுவதில்லை.

இப்போது அன்ரிக்கு முதல் வீடு வெளிச்சம் வந்த பிறகுதான். ஆனாலும் பழைய நேரத்துக்கே எழும்பிவிடுகிறார். போன கிழமை பனி விழுந்த காலையில் கார்க்கதவுச் சத்தம் கேட்டது. சுரண்டும் சத்தம் வரவில்லை. கீழே இறங்கிப் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அன்ரி ஸ்ரியறிங்குக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். விளிம்பு உடைந்த பழைய கோப்பைதான். நல்லவை இன்னும் அலுமாரிக்குள்.

"இந்த நேரம் எங்க அன்ரி?"

"வெளிக்கிடேக்க எங்க எண்டு கேக்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

"சரி, எங்கயும் இல்லையோ?"

"எங்கயும் இல்லை." ஒரு வாய் குடித்தார். கண்ணாடியில் பனி மெல்ல வழுகி, எதிர்வீட்டுக் கதவு தெரியத் தொடங்கியிருந்தது. "தேத்தண்ணி சூடா இருக்கு. நீ கதவைச் சாத்து, குளிருது."