ஒன்றரைச் சுற்று

எங்கள் அப்பா ஆடிய சாமி என் மேல் வந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் எங்கள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்துக்குக் குலசாமி மடையடி சாஸ்தா. செங்கோட்டையைத் தாண்டிப் புளியறைக்குப் போகிற வழியில் குளத்து மடைக்குப் பக்கத்தில் இருக்கிறார். மற்ற நாளில் அங்கே ஆடுமாடுதான் படுத்திருக்கும். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் சென்னை, பம்பாய் என்று பிழைக்கப் போனவர்கள்கூட வந்து பொங்கல் வைப்பார்கள். சாஸ்தா அமைதியான சாமி, ஆட மாட்டார். அவருக்குக் காவலாக வெளியே வெயிலில் பீடமாக நிற்கிற தளவாய்மாடன்தான் ஆள் மேல் வந்து ஆடுவார். முப்பத்தொரு வருடம் அவர் எங்கள் அப்பா மேல்தான் வந்தார்.

அப்பா இறந்து வருடத் திதி கழிந்து வந்த உத்திரத்துக்கு நான் நாற்பத்தொரு நாள் விரதம் இருந்தேன். ஈர வேட்டியோடு பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். மேளக்காரர்கள் ஒரு மணி நேரம் அடித்தார்கள். எனக்கு முழங்கால்கூட நடுங்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த என் பெரியப்பா மகன் இசக்கியப்பன்தான் திடீரென்று குதித்தார். அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் ரயிலை விட்டு இறங்கியிருந்தார். விரதமாவது ஒன்றாவது, மதுரை ஸ்டேஷனில் ஆம்லெட் தின்றேன் என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்தார்.

அப்பாவின் வல்லயம் ஆள் உயர ஈட்டி. ஆவுடையப்பன் சித்தப்பா, அவர்தான் எங்களில் மூத்தவர், அதை என் கையிலிருந்து வாங்கி இசக்கியப்பன் அண்ணன் கையில் கொடுத்தார். எனக்கு ஆறுதல் போலச் சாமிக்குப் பின்னால் நிற்கிற வேலையைத் தந்தார்.

அது என்ன வேலை என்று கேட்டால், சாமியாடிக்கு இடுப்பில் சிவப்புக் கச்சையைக் கட்டிவிடுவது. ஆடும்போது அந்தக் கச்சையின் வாலைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடுவது. பொங்கல் அடுப்பில் காலை வைத்துவிடாமல், பிள்ளைகளை மிதித்துவிடாமல் பார்ப்பது. கடைசியில் சாமி ஆளை விட்டு மலையேறும்போது தாங்கிப் பிடிப்பது. எல்லோரும் சாமி முகத்தைப் பார்ப்பார்கள். நான் பார்த்தது முதுகைத்தான். அண்ணனுக்கு ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை. அந்த வருடம் மாடன் யார் மேலும் வரவில்லை. அப்போதும் என்னைத் தேடவில்லை.

ஆள் எப்படி என்றால் நல்ல ஆள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பென்ஷனோடு வந்து மேலகரத்தில் வீடு கட்டி, ஒரு மஞ்சள் வேன் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். சாரல் காலத்தில் ஒவ்வொரு வாசலிலும் இறங்கிக் குடை பிடித்து ஏற்றுவார். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டேதான் பிடிப்பார். என் பஞ்சர் கடையைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். மறுநாளும் அடிப்பார். என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றபோது, நான் சொல்லாமலே வேனோடு வந்து நின்றார். அந்த வல்லயம் ஒன்று நடுவில் இல்லாவிட்டால் நானும் ஹாரனுக்குக் கை காட்டியிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு அடைத்தது. திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்தார்கள். வேனை இனி ஓட்டக்கூடாது என்றார்கள். அடுத்த தெரு ஜஸ்டினை ஓட்ட வைத்துவிட்டு, இவர் முன்சீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளைத் திட்டினார். தினம் காலையும் இரவும் மாத்திரை. சாமி ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னாரா என்று கேட்டதற்கு, அந்த டாக்டருக்குச் சாமியைப் பற்றி என்ன தெரியும், ஓடக்கூடாதுன்னுதான் சொன்னார் என்றார்.

அந்த வருடம் உத்திரத்துக்கு மேளம் அரை மணி நேரம் அடித்தும் அவர் கரண்டுக் கம்பம் மாதிரி நின்றார். மாடனும் பென்ஷன் வாங்கிட்டார் போல என்று கூட்டத்தில் எவனோ சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகுதான் அண்ணன் குதித்தார். பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியும். இடுப்பு பொய் சொல்லாது. அது சாமி இல்லை, அவராகவே குதித்தது. நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

போன உத்திரத்தன்று விடிந்ததும் வழக்கம்போலத் தீர்த்தம் எடுக்கக் குற்றாலத்துக்குப் போனோம். பங்குனியில் அருவி நூல் மாதிரிதான் விழும். ஒரு குடம் நிறையவே நேரமாகும். அண்ணன் பாறையில் குடத்தை வைத்துக் காத்திருந்தார். அப்போது அண்ணன் மனைவி குருவம்மாள் மதினி என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். பையைத் திறந்து மாத்திரை அட்டைகளைக் காட்டினார். கச்சையை எடுக்கப் பீரோவைத் திறந்தபோது அதன் அடியில் இருந்ததாம்.

“ஒம்பது நாளா ஒண்ணு கொறையல தம்பி. நான் கேட்டா போட்டாச்சுங்காவ. நீங்கதான பின்னால நிக்கிய. மூணு சுத்துக்கு மேல விடாதீய. பிடிச்சு உக்கார வச்சிருங்க.”

அண்ணன் விரதம் ஆரம்பித்ததும் ஒன்பது நாளைக்கு முன்னால்தான். நான் இறங்கிப் போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அதைப் போட்டா ஒடம்பு குளுந்து போவுதுலே. மேளம் காதுல விழுது, நெஞ்சுல விழமாட்டேங்கு. போன வருசம் நீ பின்னாலதான நின்ன.”

நான் குடத்தை அருவிக்கு நேராக நகர்த்தி வைத்தேன்.

“இந்த ஒரு தடவை நெசமா வரட்டும். நாளைக்கு ரெண்டு ரெண்டா முழுங்கிருதேன்” என்றார்.

கச்சையைக் கட்ட மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் வேனில் அதைத்தான் யோசித்தேன். நான் கட்டவில்லை என்றால் பங்காளிகள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மாத்திரையைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். பாண்டிராஜுக்கு வயிற்றெரிச்சல், இருபத்திரண்டு வருடம் கழித்து வேலையைக் காட்டிவிட்டான் என்பார்கள். வேறு யார் தடுத்தாலும் அது அக்கறை. நான் தடுத்தால் அது பொறாமை.

உச்சி வெயிலில் பீடத்துக்கு முன்னால் அண்ணன் வந்து நின்றார். பொங்கல் பானைகள் வரிசையாகப் பொங்கிக்கொண்டிருந்தன. புகை கண்ணைக் கரித்தது. நான் கச்சையைச் சுற்றினேன். முடிச்சுக்கு வரும்போது என் கை ஓடவில்லை. ஆவுடையப்பன் சித்தப்பா பார்த்துவிட்டார்.

“என்னலே பாண்டி, ஒரு முடிச்சுக்கு இம்புட்டு நேரம். இன்னும் ஆசை விடலியோ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் முடிச்சைப் போட்டேன்.

மேளம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. அண்ணனின் இடுப்பு என் கையில் துடித்தது. போன வருடத் துடிப்பு இல்லை இது. கச்சையின் வால் என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. நிஜமாகவே வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன்.

முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் நின்று பிள்ளைகளுக்குத் திருநீறு போட்டார். இரண்டு பேருக்குக் குறி சொன்னார். மூச்சு இரைத்தது, ஆனால் அது ஆடுகிறவனுக்கு இரைக்கிற இரைப்புதான். மூன்றாவது சுற்று முடிந்தபோது மதினியைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் கும்பிட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியைப் பார்க்கவில்லை.

பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் சித்தப்பா மேளத்தைப் பார்த்து இன்னும் வேகமாக அடிக்கச் சொல்லிக் கை காட்டினார். கூட்டம் முழுக்கச் சாமியோடு குதித்தது. இந்த நேரத்தில் நான் இழுத்தால் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

நான்காவது சுற்றில் கச்சை நனைந்துவிட்டது. வெயிலில் வருகிற வேர்வை சூடாக இருக்கும். இது குளிர்ந்து இருந்தது. ஐந்தாவது சுற்றில் வல்லயம் பிடித்த இடது கை மெல்லத் தாழ்ந்தது. எப்போதும் தலைக்கு மேல் நிற்கும் முனை தோளுக்கு வந்தது, மார்புக்கு வந்தது. பாதிச் சுற்றில் நான் இரண்டு கையாலும் அவர் வயிற்றைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் சாய்த்தேன். இரண்டு பேருமாக மண்ணில் உட்கார்ந்தோம். மூன்றுக்குப் பிறகு ஒன்றரைச் சுற்று. அந்த ஒன்றரைச் சுற்றுக்கு நான்தான் பொறுப்பு. மாத்திரைக்கு அவர் பொறுப்பு, இதற்கு நான்.

மேளம் நின்றுவிட்டது.

“இருவத்திரெண்டு வருசம் பொறுத்தவன், சாமி மலையேறுத வரைக்கும் பொறுக்கமாட்டியாலே” என்றார் சித்தப்பா. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடவில்லை. அண்ணன் தலை என் நெஞ்சில் கிடந்தது. உதடு கறுத்திருந்தது.

மாடன் ஆடுகிற வட்டத்துக்குள் பெண்கள் வர மாட்டார்கள். மதினி வந்தார். மாத்திரை அட்டைகளைச் சித்தப்பாவின் முன்னால் மண்ணில் போட்டார். ஒன்பது நாளாக ஒன்றுகூடத் தின்னவில்லை, அந்தத் தம்பியைப் பேசாதீர்கள், பிடிக்கச் சொன்னது நான் என்றார். அதற்குப் பிறகு என் தோளில் இருந்த கை விலகியது.

ஆனாலும் ஆளைத் தூக்க முடியவில்லை. சாமி மேலே இருக்கும்போது ஆளைக் கோயில் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. சாமி தானே போகிறேன் என்று சொல்ல வேண்டும். நாக்கில் சூடம் ஏற்றி, தீர்த்தம் குடித்து மலையேற வேண்டும். சித்தப்பா கெட்ட மனிதர் இல்லை. இப்படியே கொண்டுபோனால் வழியில் ஏதாவது ஆகிவிடும் என்றுதான் நிஜமாகவே பயந்தார். சூடத்தைக் கொளுத்தினார்கள், குளத்துக் காற்றில் அணைந்தது. திரும்பவும் கொளுத்தினார்கள். சாமி, மலையேறும், மலையேறும் என்று பத்துப் பேர் சொன்னார்கள். அண்ணன் கண்ணை மூடியபடி ஒன்றும் சொல்லவில்லை. இது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. ஜஸ்டின் வேனைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் குடத்துத் தீர்த்தத்தை ஒரு கை அள்ளி அவர் வாயில் விட்டேன். பாதி வழிந்தது. வல்லயத்தை அவர் விரலிலிருந்து பிரித்துச் சித்தப்பாவின் கையில் கொடுத்தேன்.

“மலையேறியாச்சு. தூக்குங்க” என்றேன்.

“நீ எப்படிலே சொல்லுத?”

“பின்னால நிக்கவனுக்குத் தெரியும் சித்தப்பா.”

அது பொய். எனக்கு ஒன்றும் தெரியாது. சித்தப்பா வல்லயத்தைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். பிறகு அவரே குனிந்து அண்ணனின் காலைப் பிடித்துத் தூக்கினார்.

புளியறை ரோட்டில் கேரளாவுக்குப் போகிற லாரி வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஜஸ்டின் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் இரண்டே முக்காலுக்குச் சேர்த்தோம். மூன்றே காலுக்கு டாக்டர் வெளியே வந்து மதினியிடம் சொன்னார். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வரவில்லை.

பங்காளிகளில் சிலர் இன்றைக்கும் நான் இழுத்ததால்தான் சாமி கோபித்துக்கொண்டது என்கிறார்கள். சிலர் முதலிலேயே இழுத்திருக்கலாமே என்கிறார்கள். அண்ணன் என்ன சொன்னார் என்று மட்டும் சொல்கிறேன்.

செங்கோட்டையைத் தாண்டியபோது அவர் கண்ணைத் திறந்தார். சீட்டெல்லாம் பிள்ளைகள் உட்காருகிற சின்ன சீட்டு, அதில் படுக்க வைக்க முடியாது. நடைபாதையில் சேலையை விரித்துப் படுக்க வைத்திருந்தோம். மதினி உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தலைமாட்டில் இருந்தேன். வந்துட்டோம்ணே, பேசாம படுங்க என்றேன். அவர் கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் காதைக் கொண்டுபோனேன். மூச்சு விட்டுவிட்டுத்தான் பேச முடிந்தது.

“அடுத்த வருசம் எவன் மேல வந்தாலும் பின்னால நீதாம்லே நிக்கணும்” என்றார். நான் சரி என்றேன். அவர் இன்னும் சட்டையை விடவில்லை.

“மாத்திரை போட்டியான்னு கேட்டுட்டுக் கச்சையைக் கட்டு.”