என் கண் மங்கியபோது ஜெபா வாசித்தாள்

போன வருஷம் ஜூலையில், மழை விடாமல் பெய்த ஒரு காலை. வழக்கம்போல் ஆங்கிலச் செய்தித்தாளை விரித்தேன். எழுத்துகள் இல்லை. சாம்பல் நிறக் கோடுகள் மட்டும் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்தேன். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். கோடுகள்தான்.

சர்க்கரை நோயால் இரண்டு விழித்திரைகளிலும் ரத்தம் கசிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பழைய பார்வை திரும்புமா என்று சொல்வதற்கில்லை. செம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது என் மனைவி கிரேஸ் என் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஓர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் ஆங்கிலக் கடிதங்கள் வரைந்தேன். மற்றவர்கள் எழுதியதைச் சிவப்பு மையால் திருத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. வேதாகமத்தையே இரண்டு மொழிகளிலும் வரிவரியாக ஒப்பிட்டுத்தான் படிப்பேன். வாசிக்க முடியாவிட்டால் எனக்கு உயிர் எதற்கு என்று தோன்றியது.

"ஆண்டவரே, கண்ணைத் தாரும்" என்று மூன்று வாரம் ஜெபித்தேன். கண்ணை மூடினால் மருமகள் ஜெபாவின் முகம்தான் வந்தது. ஜெபத்தைத் தொடர முடியாமல் எழுந்துவிடுவேன். காரணம் எனக்குத் தெரியும். அதை உங்கள் முன் மறைக்காமல் சொல்கிறேன்.

ஜெபா தாராவியில் பிறந்தவள். மாநகராட்சிப் பள்ளியில் ஏழாவது வரை தமிழில் படித்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, பி.காம். முடித்தாள். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பது அவள் நெடுநாள் ஆசை. கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கில வாசிப்பும் சொல்வளமும்தான் பயம். அதனால் தினமும் ஒரு புதுச் சொல் எழுதுவாள். எங்கள் வீட்டில் தினம் ஒரு வேத வசனம் அச்சிட்ட காலண்டர் உண்டு. அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கம் சொல்லையும், அதை எந்த வாக்கியத்தில் கண்டாள் என்பதையும் எழுதி நூலில் கோத்து வைப்பாள்.

என் கண் மங்குவதற்குச் சில மாதம் முன், ஈஸ்டர் முடிந்து மூன்றாம் ஞாயிறு. எங்கள் சபையில் மாதம் ஒருமுறை நடக்கும் ஆங்கில ஆராதனை. வேதபாடம் வாசிக்க ஜெபா தானாகவே பெயர் கொடுத்திருந்தாள். முதல் வசனத்திலேயே ஓர் உச்சரிப்பு தவறியது. மூன்றாவது வரிசையில் இருந்த நான் உரக்கத் திருத்தினேன். ஆலயத்தில்! ஆராதனை நடுவில்! மறுபடி தவறியது. மறுபடியும் திருத்தினேன். பின்னால் இளைஞர்கள் சிரித்தார்கள். அவள் கடைசி வசனம் வரை வாசித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாள்களைக் கட்டி அலமாரி மேல் தள்ளிவிட்டாள்.

"எக்ஸாம் வேண்டாம் மாமா. இருக்குற வேலை போதும்."

"அஸ்திவாரம் இல்லாம மாடி எதுக்கு? நல்ல முடிவுதான்" என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

கிரேஸ் கரண்டியோடு வெளியே வந்தாள். "ஒங்க இங்கிலீசுக்கு ஒரு ஸ்தோத்திரம்! பேசுற பிள்ளைய ஊமையாக்கிட்டியளே."

அதன் பிறகு ஜெபா என் முன்னால் ஓர் ஆங்கிலச் சொல்கூடச் சொன்னதில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, என் கண் உம் சித்தப்படி ஆகட்டும். நான் இந்தப் பிள்ளையிடமிருந்து பறித்த தைரியத்தை அவளுக்குத் திருப்பித் தாரும்" என்று அழுதேன். எழுந்து தட்டுத்தடுமாறிச் சமையலறைக்குப் போனேன். அவள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெபா, கோவில்ல நான் செஞ்சது பாவம். வீட்டுல சொன்னது அதைவிடப் பாவம். என்னை மன்னிச்சிரும்மா."

அவள் டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு கேட்டாள்:

"பேப்பர் படிச்சு எத்தனை நாளாச்சு மாமா?"

"ஒரு மாசம்."

"நான் படிக்கட்டா? ஒரு கண்டிஷன். நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா உங்க சாயாவுல சக்கரை கட்."

"எட்டி, அவருக்குத்தான் ஏற்கெனவே சக்கரை கிடையாதே!" என்றாள் கிரேஸ்.

"அப்ப சாயாவே கட்."

அன்று தொடங்கியது. வேலைக்குப் புறப்படுமுன் அரை மணி நேரம். பேப்பரில் ஒரு கட்டுரை, பிறகு அவளுடைய பழைய நுழைவுத் தேர்வுப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு பகுதியும் அதற்கான நான்கு கேள்விகளும். முதல் வாரம் என் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாசிப்பில் தடுக்கி விழுவாள், தானே எழுந்து போவாள். பத்து நாளில் காலண்டர் தாள்கள் அலமாரியிலிருந்து இறங்கின.

ஒரு நாள், "ச்சலோ மாமா, இன்னைக்கு நீங்க பதில் சொல்லுங்க" என்றாள். நகரத்தின் மழைநீர்க் கால்வாய்களைப் பற்றிய பகுதி. ஆசிரியரின் முக்கியமான கவலை என்ன என்பது கேள்வி.

"அதிகாரிகளின் அலட்சியம்" என்றேன், யோசிக்காமல்.

"தப்பு. அது உங்க அபிப்பிராயம். அவர் அப்படி எழுதவே இல்லியே. கால்வாய் ஓரத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம பிளான் போடுறாங்கன்னுதான் சொல்லுதார்."

நான்கில் ஒன்றுதான் சரி. கிரேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "முப்பத்தாறு வருசம் செவப்பு மை! இப்ப நாலுக்கு ஒண்ணு!" ஜெபாவும் சிரித்தாள். அந்த ஏப்ரல் ஞாயிறுக்குப் பிறகு அவள் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். என் ஜெபத்துக்குப் பதில் அங்கேயே வந்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு மார்க் என்னை விடவில்லை. வாழ்நாள் முழுவதும் நான், எழுதியவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல், எங்கே பிழை என்றே தேடியிருக்கிறேன். மனிதரையும் அப்படியே. கர்த்தருடைய வார்த்தையையும் அப்படியே. பிறகு நானும் அவளோடு பயிற்சி செய்தேன். டிசம்பரில் நான்குக்கு மூன்று எடுத்தேன். அதற்குள் அவள் நான்குக்கு நான்கு எடுக்கத் தொடங்கியிருந்தாள்.

வேண்டாம் என்றிருந்த நுழைவுத் தேர்வுக்கே விண்ணப்பித்தாள். மார்ச்சில் தேர்வு. என் மகன் அவளைத் தாணேயில் இருந்த தேர்வு மையத்துக்கு அழைத்துப் போனான். நானும் கிரேஸும் வீட்டில் முழங்காலில் இருந்தோம். மதியம் போன் வந்தது.

"மாமா, ஒரு பாசேஜ் ரொம்பக் கஷ்டம். பயந்துட்டேன். அப்புறம் உங்களுக்குச் சத்தமா வாசிக்கிற மாதிரி மனசுக்குள்ளயே வாசிச்சேன். நீங்க எதிர்ல வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்க. ஒவ்வொண்ணா வெளங்கிச்சு."

மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. என் வலது கண் ஓரளவு தெளிந்துவிட்டது, தலைப்புகளை வாசிப்பேன். இடது கண் அப்படியேதான் இருக்கிறது. குறையில்லை. கட்டுரையை இன்றைக்கும் ஜெபாதான் வாசிக்கிறாள்.

பிரியமானவர்களே, நான் கேட்டது கண். கர்த்தர் முதலில் என் காதைத் திறந்தார். உங்கள் ஜெபமும் பதிலில்லாமல் நிற்கிறதா? ஜெபிக்கும்போது யாருடைய முகம் குறுக்கே வருகிறது என்று பாருங்கள். முதலில் அந்த மனிதரிடம் போங்கள். மற்றதை நம்பிக்கையோடு ஆண்டவர் கையில் விடுங்கள். அவர் கைவிடமாட்டார்.

சென்ற மாத ஆங்கில ஆராதனையில் ஜெபா மறுபடி பாடம் வாசித்தாள். நடுவில் நீளமான ஒரு பெயர். தடுக்கினாள். நின்றாள். நிமிர்ந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக் காட்டினேன். அவள் புன்னகையை அடக்கிக்கொண்டு, அந்தப் பெயரைத் தன்னால் இயன்றபடி சொல்லி, அடுத்த வசனத்துக்குப் போனாள்.

அவள் வாசித்தது முழுவதையும் கேட்டேன். அந்தக் கிருபைக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.