ஆராயி அக்காவின் முக்காடு

வாசலில் கோலத்தை முடித்ததும் ஆராயி அக்கா குழாயடியில் கை, கால், முகம் கழுவுவார். ஈரக் கையை உதறிவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வீட்டை ஒட்டியிருக்கும் வாடகை அறைக்குள் போவார். எதிர் வீட்டு ஜன்னலோரம் என் தையல் மிஷின். பல வருடங்களாக இதைப் பார்த்துக்கொண்டுதான் முதல் ஊசியில் நூல் கோர்க்கிறேன்.

எங்கள் தெரு செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிறது. ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு ரூம் விடாத வீடு இங்கே குறைவு. தாடியைப் பின்னிய வெள்ளைக்காரர் போவார், மொட்டை அடித்த ஜப்பான்காரப் பெண் போவாள், ஒருவரும் தலை நிமிர்த்திப் பார்க்க மாட்டார்கள். ஆராயி அக்காவின் முக்காட்டை மட்டும் தெருவே பார்த்தது. நம் பக்கம் பெண்கள் தலையை மூடுவது துக்கத்துக்கு. இல்லையென்றால் வெளியில் முகம் காட்ட முடியாதபடி ஏதோ நடந்திருக்க வேண்டும். அவர் கணவர் அப்பாதுரை ஆட்டோ ஓட்டுகிறவர். ஆரம்பத்தில் அவருக்கு மகா கோபம்.

"நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துனு இருக்கேன். யார் செத்தாங்கன்னு முக்காடு போட்டுனு போற?"

"நீ செத்தா போட மாட்டேன், கவலப்படாத. போய் வண்டிய எடு."

அக்கா அடி அண்ணாமலையில் நிலத்தில் வேலை செய்து வளர்ந்தவர். பெரிய கைகள். ஐந்தாவது வரை படித்தார். தமிழையே விரல் வைத்துத்தான் வாசிப்பார். அடுப்பைத் திட்டிக்கொண்டே சமைப்பார். "எரியறியா, இல்ல தூங்கறியா?" என்று அவர் கேட்பது தெருவுக்கே கேட்கும். அறைக்கு யார் வந்தாலும் முதல் வாரத்தில் அவர்கள் ஊர்ச் சாப்பாடு ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுவார். "ஊரு மாறினது வயித்துக்குத் தெரியக் கூடாதுங்க" என்பார். முள்ளங்கியைத் துருவி மாவுக்குள் வைத்து ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டது பீஜி வந்தபோது.

பீஜியின் பெயர் ஹர்பன்ஸ் கௌர். பஞ்சாபில் ஜலந்தர் பக்கம். கணவர் இறந்த பின், தொண்ணூற்றிரண்டில், ஒரு வாரம் தங்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. கண் மூடுகிறவரை இந்த மலையடியில்தான் என்று முடிவு செய்துவிட்டார். அவர்கள் பக்கம் அம்மாவை 'பீஜி' என்பார்களாம். அக்கா அப்படிக் கூப்பிட, தெருவும் கூப்பிட்டது.

விடியற்காலையில் பீஜி குளித்துவிட்டு, துப்பட்டாவால் தலையை மூடி உட்கார்ந்து, அவர்கள் வேதத்தின் காலைப் பாட்டை முழுதாகச் சொல்வார். பட்டுத் துணியில் சுற்றிய சின்னப் புத்தகம் ஒன்று எதிரே பலகைமேல் இருக்கும். அதை அவர் 'குருஜி' என்பார். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, எல்லாம் மனப்பாடம். சொல்லி முடிக்கிறவரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கண்ணில் அழுத்த நோய் வந்து பார்வை போனபோதும் அவர் கலங்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் விடாமல் காய்ச்சல் அடித்தது. அதற்குப் பிறகுதான் பாட்டு சிக்க ஆரம்பித்தது. நடுவில் ஓர் இடம் வந்ததும் அடுத்த வரி வராது. முதலிலிருந்து தொடங்குவார். மறுபடி அதே இடம். பாபின் நூல் சிக்கிய மிஷின் நகராமல் ஒரே இடத்தில் குத்துகிற மாதிரி. உச்சி வெயில் ஏறிவிடும், ரொட்டி தட்டிலேயே விறைத்துக் கிடக்கும்.

"சுத்திச் சுத்தி அங்கயே வருதுங்க" என்றார் அக்கா என்னிடம், ஜாக்கெட் வாங்க வந்தபோது. "பாதி நாள் பட்டினி. அத்தப் பாத்துனு எனக்கே சோறு எறங்கல."

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜையன்று அக்கா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பீஜி குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து, மகளின் பள்ளிப் புத்தகங்களோடு சரஸ்வதி படத்தின் முன்னால் தரையில் அடுக்கினார். சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். பீஜிக்கு வார்த்தை திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பொரி வாங்கக் கடைக்குப் போனார். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள்தானே எடுக்க வேண்டும்.

அவர் திரும்பி வந்தபோது பீஜி வெறும் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். பலகையை, அதன் அடியை, பாயை, சுவரோரத்தை. நான் ஜன்னலில் இருந்தேன். அக்கா எடுத்துப்போனதைப் போய்ச் சொல்லியிருக்கலாம், எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. அக்கா ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தார். பீஜியின் விரலில் சந்தனம் ஈரமாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். தரையில் வைத்திருந்ததை அக்காவே சொன்னார்.

பீஜி தலையில் இருந்த துப்பட்டாவின் நுனியால் அட்டையை வெகுநேரம் துடைத்தார். ஏழு வருடத்தில் கற்ற தமிழில் மெதுவாகச் சொன்னார்: "குருஜிக்கு லீவு கிடையாது ஆராயி. பொட்டு வேணாம். படி."

"எனக்கு எங்க பீஜி படிக்க வரும்?"

"அப்ப, கத்துக்கோ."

மறுநாள் மத்தியானம் முறத்தில் பச்சரிசியைப் பரப்பிக்கொண்டு இருவரும் வாசல் நிழலில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். பீஜி நினைவிலிருந்து விரலால் அரிசியில் எழுத்தைக் கீறுவார். பக்கத்திலேயே அக்கா அதைப்போல் கீறுவார். பீஜி அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துத் திருத்துவார். எல்லா எழுத்துக்கும் தலைக்குமேல் ஒரு கோடு. "கொடியில துணி காயப் போட்டாப்பல கீது" என்றார் அக்கா. ஊடா, ஆய்டா, ஈடி, சஸ்ஸா, ஹாஹா என்று எழுத்துகளின் பெயரை மாவு சலிக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஹாஹாவா? எழுத்துக்கே சிரிப்பு தாங்கலியா?" என்றார் அப்பாதுரை.

"உன் மூஞ்சியப் பாத்திருக்கும்."

நம் ஒரு 'க'வுக்கு அங்கே தனித்தனியாக எழுத்துகள். ஒன்றில் மூச்சுக் காற்று வெளியே அடிக்க வேண்டும், ஒன்றில் கூடாது. பார்க்க முடியாத பீஜி தன் உள்ளங்கையை அக்காவின் வாய்க்கு நேரே நீட்டி வைத்துக்கொள்வார். காற்று கையில் பட்டால் "சபாஷ்". படாவிட்டால் "ஃபேர்". அப்படியென்றால் மறுபடியும். அக்கா ஊதுகிற ஊதலில் சில நாள் முறத்து அரிசியும் பறந்தது. ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தத்தில் எனக்குத் தையல் கோணிப் போகும்.

அரிசியில் தைரியமாக எழுதியவர் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்க மட்டும் பயந்தார். மத்தியானத்தில் அறைக்குள் மடியில் பலகை வைத்து அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் மூடிவிடுவார். "சந்தனம் வெச்சது தெரியாம செஞ்சது. தெரிஞ்சே தப்பாப் படிச்சா பாவமில்லியா?" பீஜியோ மெலிந்துகொண்டே வந்தார். கடைசியில் அக்காதான் அப்பாதுரையை எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பி, தில்லியில் இருக்கும் பீஜியின் அண்ணன் மகனுக்குப் போன் போடச் சொன்னார்.

தலைப்பாகை கட்டிய உயரமான மனிதர் வந்தார். அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்ததுமே கண் கலங்கிவிட்டது. மறுநாள் மதியம் சென்னை பஸ், அங்கிருந்து தில்லி ரயில் என்று சொல்லிப் பையைக் கட்டினார். பீஜி போக மாட்டேன் என்றார். அந்த மனிதர் எங்களைப் பார்த்து இந்தியில் சொன்ன பதிலை அப்பாதுரை எங்களுக்குச் சொன்னார். "பட்டினி கெடக்கறவங்கள எப்படி வுட்டுட்டுப் போறதுங்கறார். அவரு சொல்றதும் நாயந்தான்." அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். போன் போடச் சொன்னதே அவர்தானே.

மறுநாள் விடிந்தது. பீஜி உட்கார்ந்து தொடங்கினார். அறை வாசலில் அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார், பக்கத்தில் பை. பாட்டு அந்த இடத்துக்கு வந்தது, நின்றது, முதலுக்குத் திரும்பியது. மறுபடி வந்தது, நின்றது. அடுப்படியிலிருந்து அக்கா வெளியே வந்தார். குழாயடியில் கை கால் கழுவினார். பீஜி மாதிரியே, முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். அவர் முக்காடு போட்டு நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஆட்டோவில் இருந்த அப்பாதுரை இறங்கி நின்றுவிட்டார்.

உள்ளே போய்த் துணியைப் பிரித்து, பக்கத்தைத் தேடி, விரலை வரியில் வைத்தார். மூன்றாம் தடவை பீஜி தடுமாறி நின்றதும் அடுத்த வரியை எழுத்து எழுத்தாகப் படித்தார். பீஜி அசையாமல் கேட்டார். "ஹௌலி ஹௌலி" என்றார். மெதுவாக, மெதுவாக. அக்கா மறுபடி படிக்க, பீஜியின் குரல் அதில் சேர்ந்துகொண்டது. சிக்கிய இடத்தைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் ஷூவைக் கழற்றிவிட்டு நிலைப்படி ஓரம் உட்கார்ந்தார்.

முடிந்ததும் பீஜி ரொட்டி கேட்டார். இரண்டு தின்றார், தயிரோடு. அதைக் கடைசி வாய்வரை பார்த்திருந்த அண்ணன் மகன், பையைத் திறந்து அத்தையின் சால்வையை எடுத்து ஆணியில் திரும்ப மாட்டினார். மதிய பஸ்ஸில் தனியாகப் போனார்.

"சிக்கற எடம் காதுக்குத் தெரியும்" என்றார் அக்கா பிற்பாடு. "அது புஸ்தகத்துல எங்க கீதுன்னு கண்டுபிடிக்கத்தான் மாசக்கணக்காச்சு." அர்த்தம் புரிகிறதா என்று கேட்டேன். "பாதி புரியும். மீதி, பீஜி மூஞ்சியப் பாத்தாப் புரியும்."

இப்போது பீஜிக்கு எண்பது தாண்டிவிட்டது. அநேகமாகப் படுக்கைதான், பேச்சும் குறைந்துபோனது. முழுப் பாட்டையும் ஆராயி அக்காவே படிக்கிறார். பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் கிரிவலக் கூட்டம் 'அரோகரா' என்று கடந்து போனால் குரலை உயர்த்துகிறார். பழைய இடம் வந்ததும் மட்டும் நிறுத்துகிறார். விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு பீஜியின் உதட்டைப் பார்க்கிறார். அசைந்தால் சேர்ந்து சொல்கிறார். அசையாவிட்டால் நழுவிய முக்காட்டைச் சரி செய்துகொண்டு, மேலே படிக்கிறார்.