பூட்டுக்காரர் வீட்டுக் கதவு

ஊரில் பாதி வீட்டுக் கதவுகளைத் திறந்துகொடுத்த மனுஷனை, சொந்த வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் எப்படி இருக்கும்? பூட்டுக்காரருக்கு அப்படித்தான் இருந்தது, பாவம்.

யார் வீட்டு மாடி ஜன்னலுக்கோ தாழ்ப்பாள் மாட்டப் போனவர், ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்தார். மண்டைக்குள் ரத்தம் கட்டி, ஆபரேஷன் ஆகி, நடையும் பேச்சும் மறுபடி பழகி வீடு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. இப்போது பார்க்கிறவர்களெல்லாம் ஆள் நன்றாகத் தேறிவிட்டார் என்கிறார்கள். தேறின லட்சணம் அவர் மனைவிக்கல்லவா தெரியும்! அடுப்பில் பாலை வைத்தால் மறந்துவிடுவார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுவார். கை வேலை அப்படியே இருந்தது. வழிதான் தலைக்குள் நிற்கவில்லை. ஒரு நாள் வெளியே போனவர், பஸ் ஸ்டாண்டில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார். அந்த ஞாபகம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்துதான் மனைவி தையல் கம்பெனிக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அவர் கெஞ்சினார், கத்தினார், சாப்பிடாமல் கிடந்தார்.

"ஒரே ஒரு சாவி குடு. நான் என்ன திருடனா?"

அவள் சமையலறைக்குள் போய் அழுதாள். சாவியைக் கொடுக்கவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதும், கதவைப் பார்ப்பதுமாகப் பகல் போனது. ஒரு நாள் அவள் அந்தப் பக்கம் போனதும், ஹேர்பின்னும் உடைந்த குடையின் கம்பியுமாக, கதவிலேயே பதித்திருந்த பூட்டின் உள்பக்கச் சாவித் துவாரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டது. அவருக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. கதவை வெறுமனே சாத்திவிட்டு, தன் பூட்டுக் கடையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று படியிறங்கினார்.

தெருமுனை வரைக்கும் சரி. அதற்கப்புறம் எந்தப் பக்கம்? எல்லாத் தெருவும் ஒன்றுபோலவே இருந்தது. நல்லவேளை, திரும்பினால் தான் குடியிருக்கும் மஞ்சள் கட்டடம் கண்ணில் பட்டது. விறுவிறுவென்று படியேறினார்.

ஏறினால், மாடிக்கு மாடி ஒரே நீலக் கதவு. தன் வீடு எது?

கம்பி சட்டைப் பையில்தான் இருந்தது. எந்தக் கதவையும் திறந்துவிடுவார். ஆனால் தொழிலுக்கு வந்த நாளாக அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. இன்னார் வீடுதான் என்று அக்கம்பக்கத்தில் ஒருவராவது சொல்லாமல், எவ்வளவு கொடுத்தாலும் கதவில் கை வைக்கமாட்டார். இப்போது யாரையாவது கூப்பிட்டு, என் வீடு எது என்று கேட்கவேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரிலேயே இருந்த தங்கள் வீட்டுக் கதவைத் தள்ளினாள், திறந்துகொண்டது.

"தெறந்துதானே கெடக்கு? உள்ள போயிருக்கலாமில்லங்க?"

"யார் வீடுன்னு தெரியாம நான் கதவைத் தொடமாட்டேன்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டாள். இருட்டினபிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

உள்ளே போனதும் அவர் கட்டிலுக்கடியிலிருந்து கருவிப் பெட்டியை இழுத்தார். கம்பிக்கு மசியாத பூட்டு என்று தாமே சொல்லி விற்ற ரகத்தில், ஒன்று அதில் மிச்சமிருந்தது. பழைய பூட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். ஹேர்பின்னை விட்டுப் பார்த்தார், குடைக்கம்பியை விட்டுப் பார்த்தார். அசையவில்லை.

"இதுக்கு ரெண்டு சாவி. ரெண்டையும் நீயே வெச்சுக்கம்மா" என்றார்.