கூரைக்கு அடியில் அக்கா கேட்டது

கடலோரத்துப் புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள். எங்கே இருக்கிறது, எப்போது கரையேறும் என்று தொலைக்காட்சியில் படம் போட்டுச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்துக் காற்றுக்கு அந்த மரியாதை கிடையாது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு பிற்பகலில் மேற்கே வானம் கறுக்கும். கொஞ்ச நேரம் அடித்து நொறுக்கிவிட்டு ஓய்ந்துவிடும். மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில், வாழை சாய்ந்தது, மின்கம்பம் விழுந்தது என்று நாலு வரி வரும். அப்படி நாலு வரியில் முடிந்த ஒரு காற்றில்தான் என் அக்காவுக்குக் கால் போனது.

அக்காவும் மாமாவும் மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார்கள். மகன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். நான் ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். அந்த வருஷம் வெயிலில் கோழிகள் கூண்டுக்குள்ளேயே வாயைப் பிளந்து செத்துக்கொண்டிருந்தன. போனில் பேசும்போதெல்லாம் அக்கா ஒரு மழை வந்தால் போதும் என்றே சொல்வாள். ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மாமா கோழிகளுக்கு மருந்து வாங்கத் திருச்செங்கோடு போயிருந்தார். அக்கா வெளியூரில் ஓர் உறவுக்காரர் வீட்டுச் சீருக்குப் போவதாக அவரிடம் சொல்லியிருந்தாள். ஆனால் பண்ணையில் வேலை செய்த வடநாட்டுக் குடும்பம் முதல் நாள்தான் ஊருக்குப் போயிருந்தது. முட்டையை யார் எடுப்பது என்று, சீருக்குப் போகாமல் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள். அதை மாமாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது அப்போது தோன்றியிருக்காது.

காற்று முதலில் கூரையைத் தூக்கியது என்றாள். மேலே திடீரென்று வெளிச்சம் வந்ததாம். அடுத்த நொடி கல்தூண்கள் சரிந்து, சிமெண்ட் சீட்டும் கூண்டுகளும் மொத்தமாக இறங்கிவிட்டன. அக்கா நடைபாதையிலிருந்து, கூண்டுகளுக்கு அடியில் இருந்த எச்சக் குழியில் விழுந்தாள். இடது காலின் மேல் தூண் கிடந்தது. முகத்துக்கு மேலே ஒரு சீட்டு சாய்ந்து நின்றதால் மூச்சு விட முடிந்தது. கையிலிருந்த போன் எங்கோ தெறித்துவிட்டது. ஆலங்கட்டி சீட்டின் மேல் கொட்டிய சத்தத்திலும் கோழிகளின் கதறலிலும் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஆலங்கட்டி நின்று மழை தணிந்தபோது யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. அக்கா கத்தினாள். சீட்டின் இடுக்கில் ஒரு முகம் குனிந்து பார்த்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண். அக்காவைவிட இளையவள். அக்கா வீட்டில்தான் மோர் வாங்குவாள், பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். அவள் இரண்டு கைகளிலும் கோழிகள், காலைச் சேர்த்துப் பிடித்ததில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இருங்கக்கா, ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவள் யாரையும் கூட்டி வரவில்லை. ஆளைக் கூப்பிட்டால், அந்த நேரத்தில் நீ அங்கே என்ன செய்தாய் என்று கேள்வி வரும் என்று பயந்தாளா, கோழிகளை வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று போனவள் பிறகு வாய் திறக்க முடியாமல் ஆனாளா, எனக்குத் தெரியாது.

பிறகு மாமா வந்து சேர்ந்தார். வண்டிச் சத்தமும் அவர் குரலும் அக்காவுக்குக் கேட்டன. அக்கம்பக்கத்து ஆட்களையெல்லாம் உதவிக்குக் கூப்பிட்டார். எல்லோரும் சீட்டுகளின் மேல் ஏறி நடந்தார்கள். ஒவ்வொரு காலடிக்கும் தூண் அக்காவின் காலில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவளுக்குக் கத்தத் தெம்பில்லை. மாமா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"செத்ததெல்லாம் கெடக்கட்டும். உசுரோட இருக்கறத மட்டும் எடுங்க."

அந்தக் கூட்டத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணின் குரலும் இருந்தது. இந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று அவள் சொல்வதையும் அக்கா கேட்டாள்.

இருட்டும் நேரத்தில், எல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாமா அக்காவின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அது அவர் காலடியில் ஒலித்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாமா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அவள் ஊரில் இல்லை என்று நினைத்துவிட்டேன் என்பதையே வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணும் திராட்சை வாங்கிக்கொண்டு வந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு, நடந்ததை என்னிடம் மட்டும் சொன்னாள். மாமாவிடம் சொல்லக் கூடாது என்றாள். பெருந்தன்மை என்று நான் நினைத்தேன்.

வகுப்பில் புயலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி முடிப்பார்கள்: மக்கள் வேறுபாடு மறந்து ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டனர். பழைய காப்பியங்களில்கூடக் கப்பல் உடைந்தால் மிதக்க ஒரு பலகையாவது கிடைத்துவிடும். அந்த வருஷம் அந்த வரிக்கு நான் வழக்கம்போல் மதிப்பெண் போட்டேன். பிள்ளைகளிடம் வேறு என்ன சொல்வது?

மறு வருஷம் கோடை விடுமுறையில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா செயற்கைக் காலில் நடக்கப் பழகியிருந்தாள். ஒரு சாயங்காலம் அதே மாதிரி மேற்கே கறுத்தது. காற்று வந்த வேகத்தில் பக்கத்துத் தோட்டத்து வீட்டுச் சீட்டுகள் பறப்பது எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தது. அந்தப் பெண் தன் மகளையும் சின்னவனையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டினாள். அக்கா வீடு மட்டும்தான் அங்கே கான்கிரீட் வீடு.

அக்காவே எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். துண்டு எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகளை, "உக்காருங்க சாமி" என்று கட்டிலில் உட்கார வைத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளியே ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. மாமா ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தார். அக்கா கதவைத் தாழிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள்.

குரல் உயரவில்லை. கூரை தூக்கியதிலிருந்து வரிசையாகச் சொன்னாள். அந்தப் பெண் முதலில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கை நின்றுவிட்டது. மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். போதும் என்று நான் சொன்னது அக்கா காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"உங்கம்மா ரெண்டு கையிலயும் கோழி வெச்சிருந்தா கண்ணு. ஆளக் கூட்டிட்டு வாரேன்னு போனா. அப்பறம் அங்கயே நின்னுட்டு, இந்தப் பக்கம் ஒண்ணுமில்லீங்கன்னு சொன்னா."

அடுத்து மாமா பக்கம் திரும்பினாள். அவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினாள். செத்ததெல்லாம் கிடக்கட்டும் என்பதை.

அந்தப் பெண் அழவில்லை, மறுக்கவும் இல்லை. எழுந்து சின்னவனைத் தூக்கிக்கொண்டாள். ஆலங்கட்டி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. மகள் எழுந்திருக்கவில்லை. அம்மா கூப்பிட்டும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, மூன்று பேரும் திறந்த வெளியில் தலையைக் குனிந்தபடி நடந்தார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் வரப்பைத் தாண்டிவிட்டார்கள்.

அந்தக் குடும்பம் அடுத்த மாதமே சேந்தமங்கலத்தில் உறவுக்காரர் வீட்டுப் பக்கம் போய்விட்டது. மாமா புதுக் கொட்டகை போட்டு வைத்திருந்த கோழிகளை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார். வீட்டில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். சோறு, மருந்து, மகனின் படிப்பு என்று வேண்டிய அளவுக்கு.

ஊருக்குக் கிளம்பும்போது அக்காவிடம் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லியிருக்கலாமே, அந்தப் பெண் குழந்தை என்ன பாவம் செய்தது என்று.

அக்கா செயற்கைக் காலின் வாரை இறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"தனியாச் சொல்லியிருந்தா, நாலு நாள் அழுதுட்டு மறந்துருப்பா. அந்தப் புள்ள கேக்கோணும்னுதான் ஒரு வருஷமா வெச்சிருந்தேன்."