வெறும் வயிற்றில் ஒரு குளிசை

தம் தமையனார் மாரடைப்பால் இறந்த பின்னரே என் கணவர் ஓடத் தொடங்கினார். பண்டத்தரிப்பின் வயல்களை ஊடறுத்துச் செல்லும் வீதியில் விடிகாலைதோறும் ஓடினார். ஓட்டத்தை நிறுத்தினால் தமக்கும் அதே முடிவுதான் என்று உறுதியாக நம்பியவர், குதிக்கால் நரம்பு வீங்கியபோதும் ஓய்ந்திருக்க ஒப்பவில்லை. வைத்தியர் சில நாள்களுக்கென எழுதிய, நோவை அடக்கும் குளிசை தீர்ந்ததும், மருந்துக்கடையில் அதையே கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு ஓடினார். நோ அடங்கியதையே குணம் என்று எண்ணினார்.

கந்தசட்டி வந்தது. எங்கள் வீட்டில் ஆறு நாளும் பகலில் நீர் மட்டுமே. இரவில் பாலும் பழமும். உணவின் பின் விழுங்க வேண்டிய குளிசையை அவர் காலையில் நீராடித் திருநீறு பூசியதும் விழுங்கினார்.

"வெறும் வயித்திலை உந்தக் குளிசையைப் போடாதேங்கோ. ஒண்டில் விரதத்தை விடுங்கோ, இல்லாட்டிக் குளிசையை விடுங்கோ," என்றேன்.

"நோகிறது கால். வயித்துக்கு இதிலை என்ன வழக்கு?" என்று சிரித்தார்.

விரதம் முறியுமோ என்பதொன்றே அவருடைய கவலை. மருந்து உணவன்று எனக் கோயில் ஐயரிடம் கேட்டுத் தெளிந்திருந்தார். வைத்தியரிடம் எதுவும் கேட்கவில்லை.

இடையில் அவருக்கு மலம் தார்போலக் கறுத்திருக்கிறது. விரதத்தால் குடல் தூய்மையாகிறது எனக் கருதி, அதை என்னிடம் சொல்லாது விட்டார். கடைசி நாளான சூரன்போரன்று கோயில் வீதி மணலில் திடீரென அமர்ந்தார். முகம் வெளிறி வியர்த்தது. கோப்பித்தூளைக் கரைத்தாற்போல வாந்தி எடுத்தார். சூரனைக் காணக் கூடிநின்றோர் விலகி வழிவிட்டனர்.

இரைப்பையில் புண்; அதிலிருந்து குருதி கசிந்துகொண்டிருந்தது. வைத்தியசாலையில் வாய்வழியே குழாய்க்கருவியைச் செலுத்திக் கசிவை அடைத்தார்கள், குருதி ஏற்றினார்கள். குளிசையும் பட்டினியும் குருதியிழப்பும் சேர்ந்து சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டன என்றும், அவை முழுமையாக மீளா என்றும், அவ்வகைக் குளிசை இனி ஆயுளுக்கும் ஆகாது என்றும் வைத்தியர் கூறினார்.

"எப்ப ஓடலாம், டொக்டர்?" என்றே அவர் கேட்டார்.

"முதல்லை எழும்பி நில்லுங்கோ, ஐயா."

வீட்டுக்கு வந்தும் குதிக்கால் இன்னும் ஆறவில்லை. குளிசை நோவை மறைத்திருந்த காலமெல்லாம் அவர் அந்த நரம்பை மிதித்துக் கிழித்திருக்கிறார். பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி வைக்கிறேன். அது கரையும் வரையில் சற்று ஆறுதல். பிறகு மெல்லிய குரலில் கேட்பார்:

"பாதிக் குளிசை எண்டாலும் தாருமன்."

இல்லை என்கிறேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.